மேகலா அட்டெண்டர்

"மேகலா அட்டெண்டர் யாருங்க?"

அவன் எழுந்தான். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர் அட்டெண்டர்; இங்கே அவனுக்கு அதுதான் பெயர்.

பதினாறு நாளாயிற்று. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள், அவன் மனைவி மேகலா போய்ச் சேர்ந்துவிட்டாள். அதன்பிறகு வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. அவன் தலையைக் கண்டாலே பேச்சை மாற்றுகிறார்கள். மேகலாவைப் பெற்றவள்கூட 'அவ' என்றுதான் சொல்கிறாள்.

இங்கே மட்டும் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கூப்பிடுகிறார்கள். கையெழுத்துக்கு, மருந்துச் சீட்டுக்கு.

முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே போனான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிலோ நூறு கிராம். குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். இந்தக் குத்துக்கு வலி மருந்து கிடையாது, உங்கள் கைதான் மருந்து என்று நர்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

அன்று அவன் பயந்துபோய் விரலால் தடவிக்கொடுத்தான். குழந்தை வீறிட்டது. தடவக் கூடாதாம். அசையாமல் பிடிக்க வேண்டுமாம்.

பிடிக்க அவனுக்குத் தெரியும். நாமக்கல்லில் லாரிக்கு முட்டை ஏற்றுகிறவன். எவ்வளவு அழுத்தலாம் என்பது கைக்கே தெரியும்.

ஒரு கை தலைக்கு.

ஒரு கை கால்களுக்கு. வயிற்றோடு மடக்கி, ஒரு குதிகாலை மட்டும் வெளியே விட்டான்.

நர்ஸ் நாக்கில் இரண்டு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் விட்டாள். கொஞ்சம் பொறுத்துக் குத்தினாள்.

முகம் சுருங்கியது. உதடு கோணியது.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். கை அசையவில்லை.

அழுகை வாய்வரை வந்து திரும்பிப் போய்விட்டது.

நர்ஸுக்கே சந்தோஷம். பெட்டியில் ஒட்டியிருந்த அட்டையைத் தட்டிக் காட்டினாள். 'மேகலாவின் குழந்தை' என்று இருந்தது.

"நாளைக்கு அடுத்த ரூமுக்கு மாத்தறோங்க. புது அட்டை எழுதோணும். பாப்பாவுக்குப் பேரு வெச்சாச்சுங்களா? இனி அந்தப் பேரச் சொல்லியே உங்களக் கூப்புடுவாங்க."

பெயர் இருந்தது. ஐந்தாம் மாதமே மேகலா முடிவு செய்துவிட்டாள். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தது அவன் சட்டைப் பையில் மடித்துக் கிடந்தது.

குழந்தை தூங்கிவிட்டது. கையை எடுக்கலாம் என்றாள் நர்ஸ்.

அவன் எடுக்கவில்லை.

"இன்னும் வெக்கலைங்க" என்றான்.

பிறகு வெளியே போய், கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சில், கூப்பிட்டால் நன்றாகக் கேட்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தான்.