பிரித்துவிட்ட தையல்

ஆரணி கிளினிக் கொப்பியின் கடைசித் தாளில் ஒரு கொடிமுந்திரிகைக் குலையை வரைந்தாள்.

"இதென்ன, எங்கடை வீட்டுப் பந்தலோ?" என்றாள் பக்கத்தில் இருந்த அம்மா.

"உள்ளுக்கை இருக்கிறதும் உப்பிடித்தான் அம்மா. பால் சுரக்கிற இடம் பழம். பால் வாற குழாய் காம்பு."

டொக்டரின் அறைக்கு வெளியே கிடந்த வாங்கில் இருவரும் இருந்தார்கள். உள்ளே சொல்லப்பட்டதில் பாதி அம்மாவுக்கு விளங்கவில்லை. விளங்காத ஒன்றை அப்படியே விட்டுவிட ஆரணியால் முடியாது. பண்டத்தரிப்பில் பதினான்கு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறவள்.

நாலைந்து பழங்களுக்குள் பேனையால் நெருக்கமாகப் புள்ளி வைத்தாள். இந்தப் பழங்களுக்குள் மட்டும் முறைதவறிய உயிர்க்கலங்கள் அடைந்துபோய்க் கிடக்கின்றன. தோல் வெடிக்கவில்லை. வெளியே ஒன்றும் பரவவில்லை. வேறொரு கட்டிக்காக ஊசி குத்தி எடுத்த துண்டில் தற்செயலாக அகப்பட்டது. லொபியூலர் கார்சினோமா இன் சைட்டு என்று அறிக்கையில் இருந்தாலும், இது இன்னும் புற்றுநோய் அல்ல.

"பேரிலை கான்சர் எண்டு கிடக்கெல்லோ?"

"பேர் வைச்சவனைத்தான் கேக்கவேணும்."

அம்மா சிரிக்கவில்லை. ஆரணி விடவில்லை. இந்தப் பழங்கள் கொடியைப் பற்றி ஒரு செய்தி சொல்கின்றன என்றாள். கொடி கொஞ்சம் பிசகான கொடி. நோய் வந்தால் இந்தக் குலையில்தான் வரும் என்றில்லை, மற்றப் பக்கத்துக் குலையிலும் வரலாம். என்னைப்போல நூறு பெண்களை வரிசையில் நிறுத்தினால், வருடத்துக்கு ஏறத்தாழ ஒருத்திக்கு வரும். இருபது வருடத்தில் இருபது பேரளவில். மற்ற எண்பது பேரும் வீட்டுக்குப் போய்ச் சோறு சமைக்கலாம். வருடாவருடம் படம் பிடித்துப் பார்த்துக்கொண்டால் சரி.

கணக்கு அழகாக இருந்தது. மூன்று கிழமைக்குப் பிறகு ஆரணிக்கு அன்றுதான் மூச்சு ஒழுங்காக இறங்கியது.

கைபேசி மினுங்கியது. தங்கை நிவேதனா, தையற்கடையில் நின்று படம் அனுப்பியிருந்தாள். தை மாதம் அவளுக்குக் கலியாணம். கூறைச் சேலைக்குப் போடும் சட்டைக்குக் கை நீளமாக வைப்பதா, கட்டையாக வைப்பதா என்று கேட்டிருந்தாள்.

"நீளக்கை வேண்டாமெண்டு சொல்லு," என்றாள் அம்மா உடனே. "நீளக்கையை நினைச்சும் பாக்க வேண்டாமெண்டு சொல்லு."

மடியில் இருந்த படிவத்தில் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது மார்புப் புற்றுநோய் வந்ததா?

டொக்டர் அந்தக் கட்டத்தில் விரலை வைத்துத்தான் சொல்லியிருந்தார். தாய், சகோதரி, தாயின் சகோதரி என்று யாருக்காவது, அதுவும் இளவயதில், வந்திருந்தால் நூறு பேர் கணக்கைத் தூக்கி வைத்துவிட வேண்டும். நோயைத் தடுக்கிற குளிசை தொடங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். தங்கையையும் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அம்மா அங்கேயே பதில் சொல்லிவிட்டாள். "எங்கடை பரம்பரையிலை உந்த வருத்தம் ஒருத்தருக்கும் இல்லை டொக்டர். என்ரை தங்கச்சி ஒருத்தி இளவயசிலை போனவள்தான். அது செல்லடியிலை."

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, சண்டைக்குப் பயந்து ஊரே கிளம்பிய இடப்பெயர்வில், தென்மராட்சியில் விழுந்த எறிகணையில். சின்னம்மாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, ஆரணிக்கு எட்டு. வருடாவருடம் அந்த நாளில் சின்னம்மாவின் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றுவது ஆரணிதான்.

கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.

அம்மா முந்திரிகைக் குலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, கையும் வீங்குமோ?"

"எந்தக் கை?"

"புண் இருக்கிற பக்கத்துக் கை. சட்டை ஏறாமல்..." அம்மா நிறுத்திக்கொண்டாள்.

டொக்டர் கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆரணியும் சொல்லவில்லை. புண் என்ற சொல்லை அன்று ஒருவருமே சொல்லவில்லை.

வீட்டுச் சுவரில் தொங்கும் அந்தப் படம் இடப்பெயர்வுக்கு முந்திய மாதம் எடுத்தது. உச்சி வெயிலில் சின்னம்மா நீளக்கைச் சட்டை போட்டிருப்பாள். இடக்கைப் பக்கம் மட்டும் தையலைப் பிரித்து, வேறு நிறத் துணியில் அகலமாக ஒட்டுப்போட்டிருக்கும். துணி கிடையாத காலம், கிடைத்ததைப் போட்டுத் தைத்திருக்கிறார்கள் என்றுதான் ஆரணி முப்பது வருடமாக நினைத்திருந்தாள்.

செல்லடியில் செத்தார் என்றால் அந்த நாட்களில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

ஆரணி கேட்டாள்.

"சின்னம்மாவுக்குச் செல் எங்கை பட்டது?"

அம்மா சீலைத் தலைப்பை மடியில் போட்டு நீவினாள். சுருக்கமே இல்லாத இடத்தையும் நீவினாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் பரம்பரை வருத்தமெல்லாம் விசாரிச்சுப் போட்டுத்தான் ஓமெண்டவை, பிள்ளை."

தாதி கதவைத் திறந்து படிவத்தைக் கேட்டாள். ஆரணி அசையுமுன் அம்மா எழுந்து, மகளின் மடியிலிருந்து அதை எடுத்துக்கொண்டுபோய், இரண்டு கையாலும் கொடுத்தாள்.

கொப்பியில் குலை அப்படியே கிடந்தது. பக்கத்தில் நூறு, இருபது, எண்பது.

கைபேசி மறுபடி மினுங்கியது. 'அக்கா, கெதியாச் சொல்லு. தையல்காரி கத்தரிக்கோலோடை நிக்கிறா.'

ஆரணி எழுதினாள்.

'சட்டைக் கதையை விடு. சின்னம்மா செல்லடியிலை சாகேல்லை.'