யோசிச்சுச் சொல்லுறம்

கோச் வந்து உட்கார்ந்ததும் விமலராணி மகளுக்குக் கண்ணைக் காட்டினாள்.

றம்யா தேநீர்த் தட்டோடு குசினியிலிருந்து வந்தாள். உடம்பில் அம்மாவின் சேலை, கூறைக்கு அடுத்தபடி நல்லது. ஆனால் றம்யாவின் உயரத்துக்கு அது கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது.

கோச் இத்தாலியின் வடக்கே தொரீனோவிலிருந்து வந்திருந்தார். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு அவர் பயிற்சியாளர். பலெர்மோ மாணவிகள் அணியில் றம்யா ஒரு வருடம் ஆடியதைப் பார்த்துவிட்டு, அவளைத் தன் அணிக்கு மாற்றிக்கொண்டு போகக் கேட்டு வந்திருக்கிறார். படிப்பு, அறை, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு.

பிள்ளையைக் கேட்டு இந்த வீட்டுக்கு யாரும் வந்ததில்லை. வந்தால் என்ன செய்வது என்று விமலராணிக்கும் புருஷன் ஜோக்கிமுக்கும் ஒரேயொரு முறைதான் தெரியும்.

ஆகவே பலெர்மோவின் ஒரேத்தோப் பகுதியில் அந்த மூன்றாம் மாடி வீட்டில், ஆனி மாத வெக்கையில், கூடைப்பந்து கோச்சுக்குப் பெண் பார்க்கும் சடங்கு குறைவில்லாமல் நடந்தது. றோல்ஸ், பற்றிஸ், வெண்ணெய்க் கேக். றம்யாவின் முதல்நன்மைப் படம் துடைத்து மாட்டப்பட்டது. மாமா சுவாம்பிள்ளை ஒரு பலத்துக்காகக் கோட் போட்டு உட்கார்ந்திருந்தார்.

கோச் றோல்ஸைக் கடித்தார். உறைப்பில் கண்ணைத் துடைத்தார். பிறகு இன்னொன்று எடுத்தார். நல்ல மனுஷன்தான்.

அவர் றம்யாவை அடிமுதல் தலைவரை பார்த்தார், நல்ல மரத்தைப் பார்க்கும் தச்சனைப்போல. இந்த நெட்டைக்கு எங்கே போய் மாப்பிள்ளை பிடிக்கிறது என்று அம்மா வருடக்கணக்காக மூக்கைச் சிந்திய உயரம் அது. அதைக் குறையாகப் பார்க்காத முதல் ஆள் அந்த சோபாவில் இருந்தார்.

றம்யாவுக்குப் போக ஆசை. சோறு இறங்காத ஆசை.

ஆனால் பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறப்பதில்லை. அவள் திறந்தது மொழிபெயர்க்க மட்டும்தான். பொலிதேயாமாப் பக்கம் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோறா அம்மாவின் வீட்டில் வேலை செய்யும் ஜோக்கிமின் இத்தாலியன் தரை துடைக்கவும் துணி மினுக்கவும் போதும். வடக்கத்தியான் வேகமாகப் பேசினால் போதாது.

மொழிபெயர்ப்பு அவளுக்குப் பழக்கம். சின்ன வயதில், பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோருக்குப் போனபோது, அப்பா சொல்லாத ஒன்றை நல்லதென்று நினைத்துச் சேர்த்துச் சொல்லிவிட்டாள். அந்த வதிவிட அனுமதி ஒரு குளிர்காலம் முழுக்க இழுபட்டது. அப்பா அடிக்கவில்லை. சொன்னதை மட்டும் சொல்லு பிள்ளை என்றார். அதற்குப் பிறகு அவள் ஒரு சொல் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை.

இன்று மாலைக்குள் பெயரைக் கொடுக்க வேண்டும் என்றார் கோச். அதையும் அப்படியே சொன்னாள்.

ஜோக்கிமும் சுவாம்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கேட்டு வருகிறவர்கள் இப்படித்தான் அவசரப்படுத்துவார்கள். மாப்பிள்ளைக்கு லீவு முடிகிறது என்பார்கள். நாமும் இதையெல்லாம் பார்க்காதவர்களா?

ஜோக்கிம் தொண்டையைச் செருமினார்.

"யோசிச்சுச் சொல்லுறம் எண்டு சொல்லு, பிள்ளை."

உடனே தலையாட்டினால் பிள்ளையில் ஏதோ குறை, தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று நினைப்பார்கள். அதனால்தான். அவருடைய முகம் முழுக்கச் சம்மதமாக இருந்தது. தட்டில் இன்னொரு பற்றிஸை வைத்தார்.

அப்பாவுக்கு விருப்பம்தான், இது எங்கள் வழக்கம் என்ற இரண்டு வசனமும் இத்தாலியனில் றம்யாவின் நாக்கு நுனிவரை வந்தன. அம்மா குசினி வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அப்பா றம்யாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா சொன்னதை மட்டும் அவள் சொன்னாள்.

கோச் கோப்பையை வைத்தார். மெல்லிய குரலில் கொஞ்ச நேரம் பேசினார். எழுந்து எல்லோருக்கும் கைகொடுத்தார். றம்யாவின் கையை மட்டும் சற்றுக் கூடுதலாகப் பிடித்திருந்தார்.

"என்னவாம்?" என்றார் ஜோக்கிம்.

பந்து விரல் நுனியில் நேராக வந்து மோதினால் உடனே வலிக்காது. மரத்துத்தான் போகும். றம்யாவுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

"சந்தோசமாம் அப்பா. ரெலிபோன் எடுப்பாராம்."

சுவாம்பிள்ளை தொடையில் தட்டினார். ஒரு கிழமை கழித்துச் சம்மதம் சொன்னால்தான் மதிப்பு என்றார். விமலராணி மிச்ச றோல்ஸை ஈயத்தாளில் சுற்றிக்கொண்டு, செருப்பும் போடாமல், கோச்சின் பின்னால் படியிறங்கி ஓடினாள்.

றம்யா ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். கோச் பொதியை இரண்டு கையாலும் வாங்கி, தலையைக் குனிந்து நன்றி சொல்லிவிட்டு டாக்ஸியில் ஏறினார். டாக்ஸி விமான நிலையத்தின் பக்கம் திரும்பவில்லை. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் போகும் பக்கம் திரும்பியது.

அது அவளுக்குத் தெரியும். அவர் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"உன் அப்பாவுக்கு விருப்பமில்லை என்று விளங்குகிறது. தகப்பனை நான் வற்புறுத்தமாட்டேன். கட்டானியாவில் இன்னொரு பெண் இருக்கிறாள், இப்போதே ரயிலைப் பிடித்தால் மாலைக்குள் அவளிடம் போய்விடலாம். உன்னைவிடக் குட்டை."

விமலராணி மூச்சு வாங்க மேலே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. ஜோக்கிம் ரெலிபோனை மேசையிலிருந்து எடுத்து, வயர் எட்டுமட்டும் இழுத்து, தன் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார். சட்டைக் கையால் அதைத் துடைத்தார்.

"லைன் இருக்கோ எண்டு ஒருக்காப் பார், பிள்ளை."

றம்யா எடுத்துக் காதில் வைத்தாள். ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது.

"ஓம் அப்பா. இருக்கு."