சதுப்பில் ஒரு வீடு

ஹாரன் அலற, கொழும்பு ஓரத்துச் சதுப்பு நிலத்தில் நகரசபை வேன் வந்து நின்றது. அடிக்கல்லைக் கையில் ஏந்தியிருந்த ருவன் திடுக்கிட்டான்.

திட்ட அதிகாரி நிலூகா இறங்கினாள். பின்னால் ஆட்கள் எல்லைக் கம்பங்களைச் சுமந்து வந்தார்கள்.

"கம்பம் நடறதுக்குள்ள கல் வெச்சுடலாம்னு ஜோசியரைப் பிடிச்சு சுபநேரத்தை முன்னால இழுத்தீங்களா? புதுத் திட்டப்படி இது வெள்ளம் தங்கற நிலம். இங்க வீடு கூடாது."

"காசு கொடுத்து வாங்கின நிலம், மிஸ்!"

"இதை மேடாக்கினா மழைத்தண்ணி எங்க போகும்? கீழ்த்தெரு வீடுகளுக்குள்ளதான்."

"ஒரே ஒரு வீடு, மிஸ். உங்க கோடு கொஞ்சம் வளைஞ்சா குடியா முழுகிடும்?"

"ஆமா, கீழ்த்தெருக் குடி முழுகும்."

ஆட்கள் சிரித்தார்கள். ருவன் சிரிக்கவில்லை. பனிக்குள் கொக்குகள் மிதந்துகொண்டிருந்தன. அவன் கண்ணுக்கு அங்கே வீடு ஏற்கெனவே எழுந்து நின்றது.

"அந்தத் தாமரைகளுக்கு நேரா பெரிய ஜன்னல். விடியும்போது திறந்தா, பனி கட்டில் வரைக்கும் வரும்..."

நிலூகாவும் அந்தத் திசையையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு முதல் கம்பத்தை நடச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, அவனிடமிருந்து கல்லை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"அந்த ஜன்னலைக் கேட்டதே நான்தானேங்க? நாம இன்னும் ஒரு வருஷம் அந்த வாடகை வீட்டுலயே தங்கறோம்னு வீட்டுச் சொந்தக்காரர்கிட்ட நானே சொல்லிக்கறேன்."