மூன்றாவது துளை

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அந்தக் கம்பெனிக்குச் செங்கமலம் ஒன்பது வருடம் நடையாய் நடந்தாள். அவர்கள் அனுப்பிவைத்த கணவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள்; சீட்டில் எழுதி நீட்டுவாள். "கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சும்மா, பதில் வரும்" என்பார்கள்.

இன்று அந்தக் கம்பெனி கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்கள் அவள் வேலை பார்க்கும் கழிவுக்கூடத்திலேயே வந்து இறங்கின. ஹார்டு டிஸ்க் ஒவ்வொன்றிலும் மூன்று துளை போடுவது அவள் வேலை.

"ஏத்துனதெல்லாம் இதுக்குள்ளதான் இருக்குமா தம்பி?"

"ஆமாக்கா. மூணு ஓட்டை விழுந்துட்டா அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது" என்றான் சூப்பர்வைசர் தயாளன்.

"அவரை எதுல ஏத்துனாங்க?"

"நாப்பது கிடக்கு. யாரு கண்டா? சாயங்காலத்துக்குள்ள முடிங்கக்கா."

ஒவ்வொன்றிலும் இரண்டு துளை போட்டதும் டிரில்லை நிறுத்தினாள். சூடு ஆறாத ஓட்டையில் வாயை வைத்து, "என்னங்க" என்று கூப்பிட்டாள். காதை வைத்துக் கேட்டாள். அதன் பிறகே மூன்றாவதைப் போட்டாள்.

நாற்பதாவது டிஸ்க்கிலிருந்து வெகுநேரம் காதை எடுக்கவில்லை. தயாளன் வந்து பின்னால் நின்றான். அவள் மறுபடி ஓட்டையில் வாயை வைத்து, கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறையும் சொல்லாததைச் சொன்னாள்.

"நல்லசிவம்."

காதை வைத்தாள்.