பதினைந்து கிராம்

அக்கா தராசில் கிண்ணத்தை வைத்து, பீனட் பட்டரைக் கத்தியால் வழித்துப் போட்டாள். பதினேழு காட்டியது. இரண்டு கிராமைத் திரும்ப எடுத்துப் பாட்டிலில் போட்டு மூடினாள்.

"அநியாயம்! இது எறும்புக்கே பத்தாது" என்றான் தம்பி.

"ஒரு நாளைக்கு இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை எடை பார்க்கும்போது எழுபத்தெட்டைத் தாண்டக் கூடாது. இன்னும் ஒன்றரைக் கிலோ குறையணும்."

"தாண்டினா?"

"தேதி தள்ளிப்போகும். பரவாயில்லையா?"

"கல்யாண மாப்பிள்ளையைக்கூட யாரும் இப்படி நிறுத்துப் பார்க்க மாட்டாங்க."

பேசிக்கொண்டே பாட்டிலை நோக்கி நகர்ந்த அவன் கையில் ஓர் அடி விழுந்தது.

"என் உடம்பு அக்கா, என் இஷ்டம்!"

"உன் உடம்புதான்டா. ஆனா உன் கல்லீரல்ல பாதியை அடுத்த மாசம் எனக்குத்தானே வைக்கப் போறாங்க? கொழுப்பு படிஞ்சிருந்தா எடுக்க மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாரே."

தம்பி கையை இழுத்துக்கொண்டான். கிண்ணத்தில் இருந்ததை மெதுவாக நக்கி முடித்துவிட்டுச் சொன்னான்.

"சரி. ஆனா இப்பவே சொல்லிடறேன். அது என்கிட்ட ரொம்பச் செல்லமா வளர்ந்தது. உன்கிட்ட வந்ததும் தினம் ரெண்டு ஸ்பூன் கேட்கும். அடிக்காதே."