ஜோக்கர் வீட்டுப் பிறந்தநாள்

ஜோக்கருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் முகத்துப் பெயின்ட் கரைந்து தொலைக்குமே என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஹாலில் காலியாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தார்.

ஊரார் வீட்டுப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கெல்லாம் குட்டிக்கரணம் அடித்துச் சிரிக்க வைப்பவர் அவர். சொந்த மகளின் பிறந்தநாளன்று மட்டும் ஒவ்வொரு வருடமும் எவர் வீட்டிலோ பலூன் ஊதிக்கொண்டிருப்பார். இந்த வருடம்தான் வந்த வேலையையெல்லாம் தட்டிக்கழித்துவிட்டு, மகளின் வகுப்பையே வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். புதுப்புது வேடிக்கைகளை வேறு பழகி வைத்திருந்தார். இருட்டப் போகிறது, ஒரு ஈ காக்காய் வரவில்லை.

"ஒரு குழந்தைகூடவா வராது? நான் என்ன பாவம் பண்ணினேன்?"

"அந்த மூக்கையாவது கழட்டுங்க. பார்க்கச் சகிக்கல," என்றாள் மனைவி.

காலிங்பெல் அடித்தது. ஜோக்கர் பீப்பியை ஊதிக்கொண்டே பாய்ந்துபோய்க் கதவைத் திறந்தார். வந்தவர் தண்ணீர் கேன் போடுபவர். மனிதர் மிரண்டுபோய் கேனை வாசலிலேயே போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார்.

பெல் சத்தம் கேட்டதும் சுண்டிப்போன மகளின் முகம், தண்ணீர்க்காரரைக் கண்டதும் மலர்ந்தது. "பரவாயில்லப்பா, நாம கேக் வெட்டலாமா?" என்றாள். ஐயோ, எனக்காகச் சிரிக்கிறாளே என் தங்கம் என்று நினைத்துக்கொண்டார் அப்பா.

பொறுக்கமாட்டாமல், மகளின் பக்கத்தில் உட்காரும் தோழியின் அம்மாவுக்கு போன் போட்டார்.

"ஐயையோ, நீங்க ஏன் சார் எழுந்து பேசறீங்க? உடம்பெல்லாம் அம்மை போட்டிருக்காமே! கிளாஸ் பூரா அதே பேச்சுதான். பேசாம படுங்க சார்!" என்று பதறினாள் அந்த அம்மா.

"அம்மையா? எனக்கா?"

மனைவி அவர் கன்னத்தில் தீட்டியிருந்த சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "யார் சொன்னாங்களோ, பொருத்தமாத்தான் சொல்லியிருக்காங்க."

ஜோக்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்குப் போட்டியாகப் பார்ட்டிகளுக்குப் போகும் மேஜிக்காரன் ஒருவன் இருந்தான். "அவன் வேலைதான் இது! என் பொழப்பைக் கெடுத்தது பத்தாதுன்னு என் பொண்ணு பர்த்டேயிலயும் கையை வச்சுட்டானா? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்!"

"இந்தக் கோலத்துலயா?"

"ஏன், இந்தக் கோலத்துக்கு என்ன குறைச்சல்?"

முழநீள ஷூவைத் தடதடவென்று இழுத்துக்கொண்டு அவர் கிளம்ப, மகள் ஓடிவந்து தொளதொள பேன்ட்டைப் பிடித்துக்கொண்டாள். ஜோக்கர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை அடக்கி வைத்த அழுகை வந்தேவிட்டது.

"உனக்காக எவ்ளோ ஆசையா ஏற்பாடு பண்ணினேன்டா கண்ணு. இப்படிப் புரளி கிளப்ப யாருக்குத்தான் மனசு வந்துச்சோ!"

மகள் அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவங்கல்லாம் வந்தா நீங்க வேலை பார்க்க ஆரம்பிச்சிடுவீங்கல்லப்பா... அதான் நானே சொல்லிட்டேன்."