சிவப்புக் கோடு
நீராவி யுகத்து ஆட்களாக வேஷம் கட்டிக்கொண்டு வருஷத்துக்கு ஒரு முறை கூடுகிறவர்கள் அவர்கள். பித்தளை விளிம்பு வைத்த கண்ணாடி, பல்சக்கரம் பதித்த தொப்பி, நெஞ்சில் தோல் வார் போட்டுக் கட்டிய பிரஷர் மீட்டர். வணக்கம் சொல்வதற்குப் பதில், எதிரே வருபவரின் மீட்டரை விரலால் தட்டி அது காட்டும் எண்ணை உரக்கச் சொல்வது அங்கே வழக்கம். எட்வினுடையது பழைய இரும்புக் கடையில் வாங்கியது. முள்ளை நாற்பதில் பசை போட்டு ஒட்டியவனே அவன்தான். "நாற்பது! ஆமா, உன் பொண்டாட்டி அமலி எங்கே?" என்றார் முதலில் தட்டியவர். "வரல," என்றான். அடுத்து வந்தவர் ஐம்பத்தைந்து என்று படித்துவிட்டு அதையேதான் கேட்டார். "வரல." முள் எப்படி நகர்கிறது என்று அவனுக்கே விளங்கவில்லை. எழுபதில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தொண்ணூற்றில் கைதட்டினார்கள். உள்ளே என்ன வைத்திருக்கிறாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஒருவர் இயந்திரத்தை இன்னொருவர் துருவக் கூடாது என்பது அவர்கள் சட்டம். முள் அபாய எல்லையான சிவப்புக் கோட்டைத் தொட்டதும் மும்தாஜ் கைதட்டுவதை நிறுத்தினாள். ஆலையில் நிஜ பாய்லரோடு பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள். அவன் பின்னால் போய் வார்களுக்கிடையே கைவிட்டுத் தேடினாள். "சேஃப்டி வால்வு எங்கே, எட்வின்?" "வைக்கல." "குக்கருக்குக்கூட இருக்கே, ஏன் வைக்கல?" அவன் குனிந்து முள்ளைப் பார்த்தான். "அமலியும் அதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தா," என்றான். மற்றவர்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். மும்தாஜ் அவன் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.